ஜெபராஜ் பூசிய தூசி

மனுஷனுக்கு இருக்கிற கெட்ட பழக்கங்களிலேயே மோசமானது எது என்று பழனிசெட்டிபட்டி ஜெபராஜைக் கேட்டுப் பாருங்கள். குடி என்று சொல்ல மாட்டார், சீட்டு என்று சொல்ல மாட்டார். சுத்தம் என்பார். ஈரத் துணி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் நம் ஜனங்களுக்கு எதைத் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்கிற விவஸ்தை போய்விடுகிறது என்பது அவருடைய தீர்மானமான கருத்து. அப்படி ஒரு கருத்துக்கு வருகிற அளவுக்கு அந்த மனுஷன் நொந்துபோயிருந்தார்.

இத்தனைக்கும் பகலில் அவர் பிழைப்பே பளபளப்புதான். ஸ்டிக்கர் கடை. நம்பர் பிளேட் அடிப்பார், வேன் கண்ணாடியில் பிள்ளைகள் பெயரை ஒட்டுவார், புது வண்டிக்குப் பக்கவாட்டில் கோடு இழுப்பார். சாயங்காலமானால் கடையை மனைவி கிருபாவதியிடம் ஒப்படைத்துவிட்டு மாடி அறைக்கு ஏறிவிடுவார். அங்கே அவர் செய்வது குட்டி வண்டிகள். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் பஸ், லாரி, ஜீப். வைப்பர், படிக்கட்டு, டிரைவர் தலைக்கு மேலே தொங்குகிற மாலை வரைக்கும் அச்சு அசலாக இருக்கும்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பஸ் பிரியர்கள் என்று ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் ஆகா ஓகோ என்பார்கள், ஆர்டரும் வரும். ஜெபராஜ்தான் நிறுத்தவில்லை. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துத் தொலைத்தார். அந்த ஆள் புத்தம் புதுப் பொம்மை ரயில் எஞ்சினை மேஜையில் வைப்பார். படம் வரைகிற பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டுவார். அந்தப் பொடியைப் பிரஷ்ஷில் தொட்டு இங்கே தட்டி அங்கே தேய்ப்பார். அவ்வளவுதான், எஞ்சின் நாற்பது வருஷம் நிலக்கரியோடு மாரடித்த மாதிரி ஆகிவிடும். ஜெபராஜ் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் அவருடைய வண்டிகள் அவருக்கே பிடிக்காமல் போயின. தேனி பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் இப்படி மினுமினுவென்று நிற்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டிருக்க வேண்டாம்.

கடைக்குப் போய் பேஸ்டல் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற ஆயில் பேஸ்டலை எடுத்துக் கொடுத்தார்கள். அது எண்ணெய்ப் பசை உள்ள ஜாதி. சுரண்டினால் பொடியாகாமல் புழுவாகச் சுருண்டு வந்தது. தேய்த்தால் லாரி கதவில் அப்பிக்கொண்டது. அவருக்கு வேண்டியது சாக்பீஸ் ஜாதி. அது வேறு, இது வேறு என்று தேனி கடைத்தெருவில் அவர் விளக்கம் சொல்லாத கடை இல்லை. கடைசியில் மதுரைக்குப் போய்த்தான் வாங்கி வந்தார். அதிலும் ஒரு கூத்து. பெட்டி நிறைய ரோஸும் கிளிப்பச்சையும் ஆகாய நீலமும். மண் நிறம் மட்டும் பெயருக்கு இரண்டு மூன்று குச்சி. அந்தக் குச்சிகள் போக, மீதியெல்லாம் மகள் ஜெபஷீலாவின் படம் வரைகிற பைக்குப் போய்ச் சேர்ந்தன. அவளைப் பொறுத்தவரை அப்பா உருப்படியாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

பொடி கிடைத்துவிட்டால் போதுமா? பளபளப்பான பெயின்ட் மேல் அது ஒட்டாது, வழுக்கிக்கொண்டு ஓடும். முதலில் மங்கலாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். பிறகு ஃபேனை அணைக்க வேண்டும், இல்லையென்றால் தூசி வண்டியில் படியாமல் ஜெபராஜ் மேல்தான் படியும். ஃபேனை அணைத்தால் வேர்க்கும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு பானெட்டில் விழுந்தால் வட்டமாகக் கறை. ஜன்னலைத் திறந்தால் ஆடிக் காற்று. இத்தனையும் தாண்டி ஒரு வண்டி தேறினால், அந்தப் பொடி நிலைத்து நிற்க மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அடித்தால் பாதித் தூசி கண்ணெதிரிலேயே மறைந்துபோகும். அடிக்காவிட்டால் ஒரு விரல் போதும், எல்லாம் போய்விடும். அடித்தாலும் கேடு, அடிக்காவிட்டாலும் கேடு. இந்த லட்சணத்தில் ஒரு வேலையை வேண்டி விரும்பி இழுத்துப் போட்டுக்கொண்டவரைப் பார்த்துக் கிருபாவதி தலையில் அடித்துக்கொண்டதில் என்ன தப்பு?

முதலில் கைவைத்ததும் கிருபாவதிதான். கிறிஸ்மஸுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒட்டடை அடித்து, பெயின்ட் அடித்து, வீட்டையே புரட்டிப் போடுவார்கள். அந்த வேகத்தில் மாடிக்கு ஏறிய அம்மாள், அலமாரியில் நின்ற கரும்பு லாரியை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, மேலே ஒரு வெள்ளி நட்சத்திரத்தையும் சாய்த்து வைத்துவிட்டார். கார்த்திகை பூராவும் உட்கார்ந்து பூசிய தூசி அது.

"ஏங்க, அம்புட்டு தூசி அடைஞ்சு கெடந்துச்சு. வார ஆளுக என்ன நினைப்பாக?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

கட்டிய மனைவியை என்ன செய்வது? விட்டுத் தொலைத்தார். ஆனால் ஓடைப்பட்டி ஆதித்தனை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆதித்தன் மினி பஸ் வைத்திருக்கிறவர். தன் பஸ்ஸை அப்படியே குட்டியாகச் செய்து தரச் சொன்னார். திராட்சைத் தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிற வண்டி ஆயிற்றே என்று, ஜெபராஜ் பின் கண்ணாடியில் தூசியைப் பூசி, அதில் பிள்ளைகள் விரலால் கிறுக்கிய மாதிரி ஒரு கோடுகூட இழுத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆதித்தனிடமிருந்து போட்டோ வந்தது. பஸ் குளித்து முழுகிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். பழம் சக்கரத்தைவிடப் பெரிசு. ஏற்றி நசுக்க வழியில்லாமல் கையாலேயே நசுக்கியிருந்தார்.

"வரும்போதே ஒரே தூசியாண்ணே. உங்க கடைல ரொம்ப நாளாக் கெடந்துச்சோ என்னமோ. நான் கழுவிட்டேன், நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீக" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

வாட்ஸ்அப் குழு அதற்கு மேலே. அழுக்கு லாரி படம் ஒன்றைப் போட்டதற்கு, 'அண்ணனுக்கு யாராவது ஒரு வாட்டர் சர்வீஸ் நம்பர் அனுப்புங்கப்பா' என்று ஒருவன் எழுத, நாற்பது பேர் சிரித்துவைத்தார்கள். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது அவன் பேசாமல் இருப்பான். இவர்கள் சங்கைப் பிடுங்கிக் கழுவி வைத்துவிடுகிறார்கள்.

இந்த மனநிலையில்தான் கம்பத்திலிருந்து ரெஹானா வந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண். செல்போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினாள். ஏலத்தோட்டத்துக் கொட்டகை முன்னால் ஒரு ஜீப். பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய தோட்டத்து வேலைப் பெண்கள். ஜீப் மேலே பானெட் வரைக்கும் மண். ஓட்டுகிற இடத்தில் அவளுடைய அப்பா நத்தர்ஷா ராவுத்தர், இளவயதில்.

"அத்தா மலைமேல கம்பம்மெட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஓட்டுன ஜீப்புண்ணே. முழங்கால் போனப்புறம் வித்துட்டாக. வித்ததுலருந்து வாசல்ல சேரைப் போட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காக. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க."

ஜெபராஜ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜீப்பைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை ரெஹானா கவனித்திருக்க வேண்டும்.

"மண்ணெல்லாம் வேணாம்ணே" என்றாள் சட்டென்று. "வீட்டுக்குள்ள வைக்கிறது. சுத்தமா இருக்கட்டும்."

"மண்ணு இல்லாட்டி அது ஷோரூம் ஜீப்பு, தங்கச்சி. உங்க அத்தா ஜீப்பு இல்ல."

"அழுக்கா இருக்கேன்னு அத்தா ஏசுனா?"

"அவுக பாத்துச் சொல்லட்டும். வேணாம்னு அவுக வாயால சொல்லிட்டா நானே தொடச்சுத் தாரேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அன்று சாப்பிடும்போது கிருபாவதியிடம் ஒரு சபதமும் போட்டார். இந்த ஜீப்பில் இருக்கிற மண்ணை அந்த ராவுத்தர் ஏற்றுக்கொண்டால் சரி. அவரும் துணியைத் தூக்கினால் பேஸ்டல் பெட்டியை மூடிவிடுவார். இனி ஆயுசுக்கும் மினுமினு பஸ்தான். மெட்டு ஏறி இறங்கிய மனுஷனுக்கே புரியாத மண் வேறு எவருக்குப் புரியப்போகிறது என்பது அவர் கணக்கு.

"மூடுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க. நம்ம புள்ளைக்கு ட்ராயிங் போட்டி வருது" என்றார் கிருபாவதி.

வீம்பு வந்துவிட்டால் ஜெபராஜ் பொல்லாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த கையோடு பஸ் பிடித்துக் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் ஏற்றுகிற ஜீப்பில் கேரள எல்லையில் இருக்கிற மெட்டுக்கு ஏறினார். அடிவாரத்தில் கொஞ்சம் மண், வளைவில் கொஞ்சம், மேலே தோட்டத்து வழியில் கொஞ்சம் என்று பாலித்தீன் பையில் தனித்தனியாக அள்ளினார். மேலே டீக்கடைக்காரர், "எந்தா சேட்டா, மண்ணுல தங்கம் உண்டோ?" என்று கேட்டார். இருந்தால் தேவலையே என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தார்.

அந்த மண்ணை வேட்டித் துணியில் சலித்து ஜீப்பின் மேல் தூவிப் பார்த்தபோதுதான் வயிற்றெரிச்சல். ஒரு சாண் ஜீப்புக்கு அந்த மண் சரளைக்கல் மாதிரி இருந்தது. எவ்வளவு சலித்தாலும் அப்படித்தான். அசல் மண் பொய்யாகத் தெரிந்தது. பேஸ்டல் பொடிதான் மண்ணாகத் தெரிந்தது. பைகளை எதிரே வைத்துக்கொண்டு நிறம் சேர்க்க உட்கார்ந்தார். தோட்டத்துச் சேறு சீக்கிரம் வசப்பட்டது. அடிவாரத்துச் செம்மண்தான் படாத பாடு படுத்தியது. பழுப்பு சரியில்லை, ஆரஞ்சு சரியில்லை, இரண்டும் சேர்த்தால் செங்கல். பல சாயங்காலம் வீணாய்ப் போன பிறகுதான் பிடிபட்டது: வெயிலில் காய்ந்த செம்மண்ணுக்குள் ஒரு ரோஸ் இருக்கிறது. மகளிடம் போய்த் தான் கொடுத்த ரோஸ் குச்சியையே கடனாகக் கேட்டு நின்றார். அவள் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள்.

கடைசியாக ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்தார், குலுக்கினார், ஜீப்பைப் பார்த்தார், டப்பாவை வைத்துவிட்டார். மனசு வரவில்லை. சக்கரத்துக்கு மேலே படிந்த அந்த ரோஸ் கலந்த செம்மண் ஸ்ப்ரே பட்டால் போய்விடும். ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே வைத்தார். விரல் படாதவரை தூசி அப்படியே இருக்கும்.

கம்பத்துக்குக் கொண்டுபோனது ஒரு தனித் தண்டனை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் மேலே வைக்கலாமே என்று உத்தமபாளையம் வரைக்கும் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். மேலே வைத்திருந்தால் தூசி பெட்டியின் அடியில் இருந்திருக்கும்.

ரெஹானா வீட்டு வாசலில் நத்தர்ஷா ராவுத்தர் சேரில் உட்கார்ந்திருந்தார். நெடிய ஆள். முழங்கால் இரண்டும் மடங்காமல் நீட்டியபடியே இருந்தன. ரெஹானா விஷயத்தைச் சொல்லி, பெட்டியை அவர் எதிரே ஸ்டூலில் வைத்தாள். பெரியவர் மூடியைத் தூக்கி ரெஹானாவிடம் கொடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு தலையை நீட்டிப் பார்த்தார்.

"இது மெட்டு மண்ணுதான?" என்றார் பெரியவர்.

ஜெபராஜ் அரையடி கிட்டே நகர்ந்து நின்றார்.

"கீழ பூராம் நம்ம செம்மண்ணு. அதுக்கு மேல தோட்டத்துச் சேறு தெறிச்சிருக்கு. சேறு காஞ்சு வெடிச்சிருக்கு பாரு. காலைல மேல மழை, எறங்கி வாரப்ப வெயிலு. அப்படியா, இல்லியா தம்பி?"

"அப்படித்தான் பாய்" என்றார் ஜெபராஜ்.

பெரியவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். டிரைவர் கதவின் மேல் விளிம்பில் மட்டும் ஜெபராஜ் தூசி பூசாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். ஓட்டுகிறவர் முழங்கை வைக்கிற இடம். போட்டோவில் அது தெரியவில்லை. இருந்திருக்கும் என்று யோசித்துச் செய்தது. பெரியவர் அந்த இடத்தைப் பார்த்தார். அவருடைய வலது முழங்கை சேர் கைப்பிடியின் மேல் தானாக ஏறி உட்கார்ந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் ஜெபராஜ் பட்ட சந்தோஷத்தை எழுதி மாளாது. கிருபாவதி, ஆதித்தன், குழுவில் சிரித்த நாற்பது பேர், எல்லோரையும் இந்த வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது. மண்ணைப் பார்த்து நாளையும் பொழுதையும் சொல்கிற ஒரு ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கத்தான் செய்கிறார். பட்ட பாடெல்லாம் இதற்காகத்தான் என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"ரெஹானா" என்றார் பெரியவர். "வாளில தண்ணி கொண்டா. பழந்துணி ஒண்ணும் எடுத்தா."

"எதுக்கு அத்தா?"

"எதுக்கா? வண்டி மண்ணோட நிக்கிதுல்ல!"

ஜெபராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போய் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாய், பாய்! அது மண்ணு இல்ல பாய். கலரு. நான் பூசுனது."

"தெரியுது தம்பி. அம்சமாப் பூசியிருக்கீக. அதனாலதான் பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றார் பெரியவர். "மெட்டுலருந்து எறங்குன வண்டிய நான் கழுவாம வீட்டுல விட்டதே இல்ல. எந்த நேரமானாலும் கழுவிட்டுத்தான் சோறு. அந்தப் பழைய போட்டோவப் பாத்துச் செஞ்சீகளாக்கும்? அது மேல எடுத்தது. கீழ என் வண்டிய மண்ணோட பாத்தவுக ஒருத்தரும் கெடையாது."

ரெஹானா வாளி, செம்பு, துணி மூன்றையும் வைத்துவிட்டு ஜெபராஜைப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் சங்கடம். நானே துடைத்துத் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததை அவள் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கே அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பெரியவர் ஜீப்பைத் தூக்கி இரண்டு கையிலும் ஏந்தி, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டார். குனிய முடியவில்லை. செம்பு எட்டவில்லை.

"கொஞ்சம் ஊத்துங்க தம்பி" என்றார்.

ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேண்டுமா? தெரியாமல் துடைத்தவர்களையாவது திட்டலாம். எல்லாம் தெரிந்து, ஒவ்வொரு மண்ணையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டி, அதனாலேயே கழுவுகிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? ஜெபராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு செம்பை முக்கி எடுத்தார். ஊற்றினார்.

"மேலருந்து ஊத்துங்க. சக்கரம் கடைசி. மட்கார்டுக்கு உள்ள அடிங்க, அங்கனதான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

பெரியவர் சுட்டுவிரலில் துணியைச் சுற்றி மட்கார்டுக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். பானெட்டின் மேல் துணியை நீளவாட்டில் இழுத்தார், குறுக்கே தேய்க்கவில்லை. முழங்கால் மறந்துபோன மாதிரி முகம் தெளிந்திருந்தது. வாளியில் முதலில் சேற்று நிறம் இறங்கியது, பிறகு செம்மண். ரோஸ் தனியாகப் பிரிந்து தண்ணீர் மேல் கொஞ்ச நேரம் மிதந்தது. ஜெபராஜ் அதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். பேஸ்டல் பெட்டியை இன்றைக்கே ஜெபஷீலாவிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

ஜீப் பச்சையாய்ப் பளிச்சென்று வந்தது. பெரியவர் அதைத் தூக்கிப் பிடித்து நாலாபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் ஜெபராஜின் முகத்தைக் கவனித்தார் போலிருக்கிறது. சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுறீகளே. மண்ணு எங்க போகப் போகுது? நாளைக்கு மெட்டு ஏறி எறங்குனா தன்னால வந்துரும்."

சொல்லிவிட்டு அவர் நின்றுவிட்டார். துணி பிடித்த கை ஜீப்பின் மேலேயே நின்றது. ரெஹானா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் மெட்டுக்குப் போகிற ஜீப் ஒன்று ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் போனது. மூன்று பேரும் அது திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தார்கள்.

ஜெபராஜுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெரியவர் ஜீப்பைத் துணியோடு அவரிடம் நீட்டினார்.

"தம்பி, இதே மாதிரி மறுபடியும் மண்ணு ஏத்தித் தருவீகளா?"

"தந்தா?" என்றார் ஜெபராஜ். "தந்தா, இனிமே கழுவ மாட்டீகளே பாய்?"

நத்தர்ஷா ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல ஆளாகத் தெரிந்த மனுஷன் இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டாரே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"கழுவாம? மண்ணோடயா வண்டிய விட்டுட்டுச் சாப்பிடப் போவாக?"

ஜெபராஜ் கையை நீட்டி ஈர ஜீப்பை வாங்கிக்கொண்டார். ஜெபஷீலாவிடம் இன்னொரு துண்டு ரோஸ் கடன் கேட்க வேண்டியிருக்கும்.